வேலை செய்யாத அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்புவது எப்படி? மேலதிகாரிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறை விசாரணையில் என்னை விசாரணை அலுவலராகப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் உதவியாளர். எந்த சீட்டில் உட்கார வைத்தாலும் அங்கே கோப்பு நகராது என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவரிடம் இருந்த குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஒன்றுக்காக, கணவரை இழந்த ஓர் அம்மா பதினான்கு மாதம் அலைந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்து, "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பிப் போவார்.

விசாரணையில் அந்த உதவியாளர் நீளமாக எதுவும் பேசவில்லை. தன் ஆண்டு அறிக்கைகளின் நகல்களை மேசையில் பரப்பினார். பதினோரு ஆண்டு, ஏழு அதிகாரிகள், ஒவ்வொன்றிலும் "மிக நன்று". "நான் நல்லா வேலை பார்த்தேன்னு நீங்கதான் சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார். அவருக்கு ஒரு மெமோகூடக் கொடுக்கப்பட்டதில்லை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அரசு ஊழியரைத் தொடவே முடியாது என்று ஊரில் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சட்டம் வழி விட்டிருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி. அந்த வழிகளில் நடக்கத் தேவையான காகிதத்தைத்தான் நாம் எழுதுவதில்லை. இந்த வழிகாட்டி பிரிவுக் கண்காணிப்பாளர் முதல் நியமன அதிகாரி வரை உள்ளவர்களுக்கானது. மத்திய அரசு விதிகளை அடிப்படையாக வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டு விதி எண் தேவைப்படும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: 311 சொல்வது என்ன

அரசியலமைப்பின் 310-ஆவது பிரிவின்படி அரசு ஊழியர் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் விரும்பும்வரை பதவியில் இருப்பவர். அந்த அதிகாரத்துக்கு 311-ஆவது பிரிவு இரண்டு வேலி போடுகிறது. நியமித்த அதிகாரிக்குக் கீழ்நிலையில் உள்ள எவரும் அவரை நீக்க முடியாது என்பது ஒன்று. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் டிஸ்மிஸ் செய்யவோ, பணி நீக்கமோ பதவி இறக்கமோ செய்யவோ கூடாது என்பது மற்றொன்று.

முதல் வேலியில் தடுக்கி விழுந்த வழக்குகள் ஏராளம். அதனால் கோப்பைத் திறந்ததும் அவருடைய நியமன ஆணையை எடுத்து, கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். இணை இயக்குநர் நியமித்தவரைத் துணை இயக்குநர் நீக்கினால், வேலை செய்யாததற்கு எத்தனை ஆதாரம் இருந்தாலும் ஆணை நிற்காது.

படி 1: காகிதத்தில் எண்ணுங்கள்

"அவர் வேலை செய்யமாட்டார்" என்பது ஓர் அபிப்பிராயம். தன்பதிவேட்டில்தான் அது சான்றாகும். தபால் எண், வந்த தேதி, எடுத்த நடவடிக்கை, முடித்த தேதி என எல்லாம் அதில் இருக்கின்றன. கண்காணிப்பாளர் குறித்த நாளில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. பல அலுவலகங்களில் மூன்று மாதக் கையெழுத்தை ஒரே நாளில், ஒரே பேனாவில் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பக்கங்களைத்தான். மின்-அலுவலகம் (கோப்புகளைக் கணினியில் நகர்த்தும் முறை) வந்த இடங்களில் ஒவ்வொரு கோப்பும் யாரிடம் எத்தனை நாள் நின்றது என்பது தானாகப் பதிவாகிவிடுகிறது. மாதக் கடைசியில் அந்த அறிக்கையை எடுத்து வையுங்கள்.

எண்ணும்போது நிலுவை எத்தனை என்பதைவிட, அது எவ்வளவு பழையது என்று பாருங்கள். ஒருவரிடம் நாற்பது கோப்பு நிலுவை, இன்னொருவரிடம் ஐந்து. முதலாமவர் நில எடுப்பு சீட்டில் இருப்பவராக இருக்கலாம். நாற்பதில் முப்பது நீதிமன்றத் தடையில் நிற்கலாம். இரண்டாமவரின் ஐந்தும் வெறும் பதிலுக்காக எட்டு மாதமாகக் காத்திருக்கும் மனுக்களாக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தப்பான ஆளைப் பிடித்துவிடுவோம்.

தரத்தையும் எழுத்தில் பிடிக்க முடியும். ஒரே பிழைக்காக வரைவு எத்தனை முறை திரும்பியது, எந்தத் தணிக்கைத் தடை அவர் சீட்டிலிருந்து வந்தது, எந்த வழக்கில் பதிலுரை தாமதமாகி நீதிமன்றம் கண்டித்தது என்று கோப்பு எண்ணோடும் தேதியோடும் குறித்து வையுங்கள். மொட்டைக் கடிதங்களையும் டீக்கடைப் பேச்சையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓர் அலுவலகத்தில் அதிகம் புகார் வாங்குபவர், சில சமயம், குறுக்கு வழியில் கையெழுத்துப் போட மறுப்பவராகவும் இருப்பார்.

படி 2: முடியாதவரா, மனமில்லாதவரா, விடப்படாதவரா

இந்தக் கேள்வியைக் கேட்காமல் மெமோ எழுதுவது அநியாயம்.

என் பிரிவில் ஒரு மூத்த உதவியாளர் இருந்தார். கையெழுத்துக் கோப்புக் காலத்தில் அவர் எழுதும் குறிப்பை மேலிடமே பாராட்டும். மின்-அலுவலகம் வந்த ஆறே மாதத்தில் அவர் சீட் ஸ்தம்பித்தது. எல்லோரும் "அம்மா வேலையை விட்டுட்டாங்க" என்றார்கள். ஒரு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கோப்பைத் திறக்க அவர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து ஒன்பது முறை சொடுக்கினார். கேட்கக் கூச்சப்பட்டு, மகன் வீட்டில் எழுதிக் கொடுத்த சீட்டு அது. இளநிலை உதவியாளர் ஒருவரைத் தினமும் அரை மணி நேரம் அவரோடு உட்கார வைத்தோம். மூன்று வாரத்தில் பழைய அம்மா திரும்பி வந்துவிட்டார். அவருக்கு மெமோ கொடுத்திருந்தால் நல்ல ஊழியர் ஒருவரை நாமே உடைத்திருப்போம்.

விடப்படாதவர் என்று நான் சொல்வது, மூன்று சீட் வேலையை ஒற்றை ஆளாகப் பார்ப்பவரையும், கணினியோ வாகனமோ இல்லாமல் இலக்கு மட்டும் கொடுக்கப்பட்டவரையும், தினமும் வேறு அலுவல்களுக்கு அனுப்பப்படுபவரையும். காலிப்பணியிடப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

நோய், ஊனம் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20(4) பிரிவு தெளிவாக இருக்கிறது: பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கமும் கூடாது. அந்த வேலைக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதிய நிலையில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்து கை நடுங்கும் ஊழியரை "திறமையற்றவர்" பட்டியலில் சேர்ப்பது மனிதத்தன்மை இல்லாத செயல், சட்டத்துக்கும் எதிரானது.

இத்தனையும் கழித்த பிறகும், திறமை இருந்தும், வசதி இருந்தும், உடல்நலம் இருந்தும் வேலை செய்யாத ஒருவர் மிஞ்சினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: எழுத்தில் ஒரு வாய்ப்பு

வாய்மொழியாக நூறு முறை திட்டியதற்கு எந்த மதிப்பும் இல்லை. குறிப்பாணை (மெமோ) கொடுங்கள். அதில் கோபம் வேண்டாம், விவரம் இருக்கட்டும். இப்படி:

"உங்கள் இருக்கையில் 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள 23 மனுக்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றில் முதல் 12 மனுக்களை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள்ளும் மீதியை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள்ளும் முடித்து அறிக்கை அளிக்க வேண்டும். இடையூறு ஏதேனும் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உண்மையான காரணம் உள்ளவர் அங்கே எழுதிவிடுவார். காரணம் இல்லாதவர் பதில் தரமாட்டார், அந்த மௌனமும் பின்னால் சான்றாக நிற்கும். ஒப்புதல் கையெழுத்து வாங்கி மெமோவைக் கோப்பில் சேருங்கள். வாங்க மறுத்தால் சாட்சிகள் முன் அதைப் பதிவு செய்து பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேவையான பயிற்சிக்கு அனுப்பிய ஆணையையும் சேர்த்து வையுங்கள். ஆறு மாதமாவது இந்த முறையில் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே திருந்தி விடுகிறார்கள். எண்ணி எழுதுகிறார் ஒருவர் என்று தெரிந்தாலே சீட்டு நகரத் தொடங்குகிறது.

படி 4: ஆண்டு அறிக்கையில் உண்மையை எழுதுங்கள்

இந்தப் படியை நீங்கள் ஒழுங்காகச் செய்யாவிட்டால் மீதி எல்லாம் வீண்.

மத்திய அரசில் இது ஏபிஏஆர், அதாவது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. ஊழியர் தன் சுயமதிப்பீட்டை ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும், அறிக்கை அலுவலர் ஜூன் 30-க்குள்ளும் மேலாய்வு அலுவலர் ஜூலை 31-க்குள்ளும் எழுத வேண்டும். 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். எழுதிய அறிக்கையை ஊழியருக்குக் காட்ட வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்க அவருக்கு 15 நாள் உண்டு.

காட்டுவது சலுகை இல்லை, கடமை. தேவ் தத் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மோசமான குறிப்பு மட்டுமல்ல, ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான். அவருக்குக் கிடைத்திருந்தது "நன்று". பதவி உயர்வுக்குத் தேவை "மிக நன்று". அந்த "நன்று" அவருக்குச் சொல்லப்படவே இல்லை. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதையே உறுதி செய்தது.

இந்த வெளிப்படைத்தன்மை வந்த பிறகு பல அதிகாரிகள் பயந்துவிட்டார்கள். குறைத்து எழுதினால் அவர் மனுப்போடுவார், சங்கத்தை அழைத்து வருவார், நமக்கேன் வம்பு என்று எல்லோருக்கும் எட்டு போட்டுவிடுகிறார்கள். மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடலாம் என்ற கணக்கு. போகிறவர் போய்விடுகிறார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எங்கே போவார்? அந்த ஏழு அதிகாரிகளில் ஒருவர் உண்மையை எழுதியிருந்தால்கூட அவருடைய ஓய்வூதியம் ஓராண்டு முன்னால் வந்திருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

குறைத்து மதிப்பிடப் பயம் வேண்டாம், ஆதாரம் இருந்தால் போதும். "சோம்பேறி", "பொறுப்பற்றவர்" என்றெல்லாம் எழுதாதீர்கள். "ஆண்டு முழுக்க வந்த 212 தபாலில் 131 குறித்த காலத்தில் முடிக்கப்படவில்லை. மூன்று குறிப்பாணைகள் வழங்கப்பட்டன, இரண்டுக்குப் பதில் இல்லை" என்று எழுதுங்கள். அவர் ஆட்சேபம் போட்டாலும் அந்த வரியை யாராலும் அடிக்க முடியாது. நல்லதையும் மறைக்காமல் எழுதுங்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்றால் அதுவும் இருக்கட்டும், அறிக்கையை நம்ப வைப்பது அந்த நேர்மைதான்.

படி 5: எந்தக் கதவு?

காகிதம் சேர்ந்துவிட்டது. இனி வெளியே போகும் கதவுகள் மூன்று: தகுதிகாண் பருவத்தில் விடுவித்தல், பொதுநலன் கருதிய கட்டாய ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கை. ஒருவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் கதவைத் தீர்மானிக்கும்.

*தகுதிகாண் பருவம்.* இருப்பதிலேயே எளிய கதவு இதுதான். நாம் அதிகம் வீணடிப்பதும் இதைத்தான். இரண்டு ஆண்டு முடிந்ததும் யாரும் படித்துப் பார்க்காமல் "திருப்திகரமாக முடித்தார்" என்று ஆணை போகிறது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டு அந்த ஊழியர் உங்கள் துறையில்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுத்தில் மதிப்பிடுங்கள், குறையை அவரிடம் சொல்லுங்கள், தேவையானால் ஒரு முறை நீட்டியுங்கள். அப்போதும் தேறாவிட்டால், "தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடிக்கவில்லை" என்று எளிய ஆணையில் விடுவிக்கலாம். 1957-இல் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கிலிருந்தே நீதிமன்றங்கள் பார்ப்பது ஒன்றுதான்: ஆணைக்கு அடித்தளம் தகுதியின்மையா, ஒரு குற்றச்சாட்டா? குற்றச்சாட்டுதான் அடித்தளம் என்றால் விசாரணை தேவை. அதனால் ஆணையில் களங்கம் கற்பிக்கும் சொல் ஒன்றும் இருக்கக் கூடாது.

*கட்டாய ஓய்வு: அடிப்படை விதி 56(ஜே).* நீண்ட சேவைக்குப் பிறகு தேங்கிப் போனவர்களுக்கான கதவு. இதைத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனைகளின் பட்டியலிலும் கட்டாய ஓய்வு உண்டு என்பதால் வரும் குழப்பம் அது. 56(ஜே) தண்டனை இல்லை. முழு ஓய்வூதியப் பயன்களோடு அனுப்புகிறோம். அதனால்தான் 311-இன் விசாரணை இங்கே தேவைப்படுவதில்லை.

35 வயதுக்குள் பணியில் சேர்ந்த ஏ, பி பிரிவு அலுவலர்களை 50 வயது ஆனதும் பரிசீலிக்கலாம். மற்றவர்களை 55 வயதில். 30 ஆண்டு தகுதிச் சேவை முடித்தவர்களுக்கு ஓய்வூதிய விதிகளிலும் தனி வழி உண்டு. மூன்று மாத நோட்டீஸ், அல்லது மூன்று மாத ஊதியமும் படிகளும். தமிழ்நாட்டில் இதற்கு இணையான அதிகாரம் அடிப்படை விதி 56(2)-இல் இருக்கிறது.

நடைமுறையை மத்தியப் பணியாளர் துறை 2020 ஆகஸ்ட் 28-இல் ஒரே குறிப்பாணையாகத் தொகுத்தது. காலாண்டு வாரியாகப் பதிவேடு வைக்க வேண்டும். வயதை எட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே பரிசீலனை தொடங்க வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை 50 அல்லது 55-ஐ எட்டுபவர்களை ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் பார்த்துவிட வேண்டும். சீராய்வுக் குழு பார்க்கும், உரிய அதிகாரி முடிவெடுப்பார். ஆணை கிடைத்த மூன்று வாரத்துக்குள் ஊழியர் முறையீடு செய்யலாம், அதை வேறு ஒரு குழு பார்க்கும்.

இதில் இரண்டு பாதுகாப்புகள் நினைவிருக்கட்டும். ஓராண்டுக்குள் எப்படியும் ஓய்வு பெறப் போகிறவரைத் திறமையின்மை என்று சொல்லிச் சாதாரணமாக அனுப்பக் கூடாது, அவருடைய திறன் திடீரென்று சரிந்திருந்தால் தவிர. கடந்த ஐந்து ஆண்டில் பதவி உயர்வு பெற்று, அந்தப் பதவியில் திருப்திகரமாக இருந்தவரையும் அனுப்பக் கூடாது. முழுப் பணிப்பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடும்? பைகுந்த நாத் தாஸ் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. தீய நோக்கம் இருந்ததா, ஆதாரமே இல்லையா, எந்த நியாயமான மனிதரும் எடுக்காத முடிவா, இவ்வளவுதான் பார்க்கும். முழுப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, பிற்கால ஆண்டுகளுக்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2001-இல் உமேத்பாய் படேல் வழக்கு இன்னொரு எல்லையைப் போட்டது: துறை விசாரணையைத் தவிர்க்கும் குறுக்கு வழியாகக் கட்டாய ஓய்வைப் பயன்படுத்தக் கூடாது. எதிர்மறைக் குறிப்புகள் இருந்தும் பதவி உயர்வு கொடுத்திருந்தால் அது ஊழியருக்குச் சாதகம்.

2019 ஜூனில் வருமான வரித் துறையில் 12 மூத்த அதிகாரிகளும், அடுத்த சில நாட்களில் சுங்கம், கலால் பக்கம் 15 பேரும் இந்த விதியில் அனுப்பப்பட்டபோது நாடே பேசியது. அவற்றில் பெரும்பாலும் பேசப்பட்டது ஊழல் புகார்கள். அதனால் 56(ஜே) என்றாலே ஊழல் என்று மனதில் பதிந்துவிட்டது. விதி பேசுவது பொதுநலன்; அந்தக் குறிப்பாணை சொல்லும் காரணங்கள் இரண்டு: நேர்மையில் ஐயம், செயல்திறனின்மை. இரண்டாவதை நாம் கையிலெடுப்பது மிகக் குறைவு, காரணம் படி 4-இல் சொன்னதுதான். பதிவேடு முழுக்க எட்டும் ஒன்பதுமாக இருந்தால் சீராய்வுக் குழு எதை வைத்து முடிவெடுக்கும்?

*ஒழுங்கு நடவடிக்கை.* நடுவயதில் இருக்கிறார், தகுதிகாண் பருவம் முடிந்து பல ஆண்டாகிவிட்டது, 50-க்கு இன்னும் தூரம் இருக்கிறது என்றால் இந்தக் கதவுதான். மத்திய அரசில் 1965-ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளின் 14-ஆவது விதி, தமிழ்நாட்டில் 17(ஆ), அலுவலகப் பேச்சில் "பதினேழு பி".

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. திறமைக்குறைவு மட்டுமே நடத்தைக் கேடு ஆகாது. அசாமில் நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்த ஜே. அகமது 1960 மொழிக் கலவரத்தின்போது சரியாகச் செயல்படவில்லை என்று நீக்கப்பட்டார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலைமைப் பண்பு இல்லை, உச்ச திறமை காட்டவில்லை என்பதெல்லாம் நடத்தைக் கேடு அல்ல என்றது. அலட்சியம் என்றால் அதன் விளைவு மிகக் கடுமையானதாகவோ, அதில் அவர் பொறுப்பு பெரிதாகவோ இருக்க வேண்டும்.

பள்ளத்தைத் தாண்டப் பாலமும் உண்டு. மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1964-இல் 3-ஆவது விதியின் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். ஒப்படைத்த வேலையை, குறித்த காலத்துக்குள், எதிர்பார்த்த தரத்தில் செய்ய வழக்கமாகத் தவறுபவர் கடமையில் ஈடுபாடு இல்லாதவராகக் கருதப்படுவார் என்கிறது அது. இதில் நான்கு கூறுகள் இருக்கின்றன: வேலை ஒப்படைக்கப்பட்டது, காலம் குறிக்கப்பட்டது, தரம் சொல்லப்பட்டது, தவறுவது வழக்கமானது. உங்கள் மெமோக்கள் இந்த நான்கையும் தாங்கி நின்றால் குற்றச்சாட்டும் நிற்கும். படி 3-இல் தேதி போட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

"கடமையில் மெத்தனமாக இருந்தார்" என்று ஒற்றை வரியில் எழுதிய குற்றக் குறிப்பாணையை எத்தனையோ பார்த்துவிட்டேன். தெளிவற்ற குற்றச்சாட்டில் தற்காப்பே செய்ய முடியாது என்பது சூரத் சந்திர சக்ரவர்த்தி வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். எந்தக் கோப்பு, எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது முடிக்கச் சொல்லப்பட்டது, முடிக்காததால் யாருக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என்று நான்கு இணைப்புகள். ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி அந்தக் குற்றக் குறிப்பாணைக்கே ஒப்புதல் தந்திருக்க வேண்டும். 2013-இல் பி.வி. கோபிநாத் வழக்கில் இது இல்லாததால் நடவடிக்கையே விழுந்தது.

விசாரணையில் ஆவணத்தைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதை எழுதியவரோ பராமரித்தவரோ வந்து சாட்சி சொல்ல வேண்டும், ஊழியருக்குக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு இருக்க வேண்டும். 2008-இல் ரூப் சிங் நேகி வழக்கு இதை அழுத்திச் சொல்கிறது. விசாரணை அலுவலர் துறையின் ஆள் இல்லை, நடுவர். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: மேலிடத்திலிருந்து "எப்படியாவது முடிச்சுடுங்க" என்று ஒரு போன் வந்தால், அந்த வழக்கைத் தோற்கடிக்க அதுவே போதும்.

பணிக்கு வராமலே இருப்பவர் விஷயம் சற்று வேறு. 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில், வராதது வேண்டுமென்றே என்று நிரூபித்தால்தான் அது நடத்தைக் கேடு என்றது நீதிமன்றம். மருத்துவமனையில் கிடந்தவரை ஓடிப்போனவர் என்று எழுதிவிடாதீர்கள். அனுமதியின்றி ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வராதவர், விளக்கம் கேட்ட பிறகு, ராஜினாமா செய்தவராகக் கருதப்படுவார் என்று மத்திய விடுப்பு விதி இருக்கிறது.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். 1993-இல் கருணாகர் வழக்குக்குப் பிறகு இதில் விலக்கே இல்லை. தண்டனை பற்றித் தனியாக இரண்டாவது விளக்கம் கேட்கும் முறையை 1976-இன் 42-ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. மொத்த விசாரணையும் ஆறு மாதத்தில், அதிகபட்சம் ஓராண்டில் முடிய வேண்டும் என்று 2015-இல் பிரேம்நாத் பாலி வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

தண்டனையைத் தேர்ந்தெடுக்கும்போது அளவு பாருங்கள். முதல் முறை என்றால் ஊதிய உயர்வு நிறுத்தம் போதும். அது பலிக்காமல் அதே தவறு தொடர்ந்தால் திரண்ட விளைவுடன், அதாவது இழப்பு நிரந்தரமாகத் தொடரும்படி, நிறுத்தம், பதவி இறக்கம், பிறகு கட்டாய ஓய்வு அல்லது பணி நீக்கம். படிப்படியாக வந்தது பதிவேட்டில் தெரிந்தால், தண்டனை மனசாட்சியை உலுக்கும்படி இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்ல இடமிருக்காது. பணி நீக்கத்துக்கும் டிஸ்மிஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்திருக்க வேண்டும்: டிஸ்மிஸ் ஆனவர் சாதாரணமாக மீண்டும் அரசு வேலைக்கு வர முடியாது, பணி நீக்கம் ஆனவருக்கு அந்தத் தடை இல்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இரண்டிலும் முந்தைய சேவை பறிபோகும். ஒரு குடும்பத்தின் முதுமைக்கால அரிசியைத் தொடுகிறோம். வேலையில் தேங்கியவருக்கு டிஸ்மிஸ் தேவைப்படும் சந்தர்ப்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

செய்யக் கூடாதவை

தற்காலிகப் பணிநீக்கத்தை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். வேலை செய்யாதவரை வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லிப் பிழைப்பூதியம் கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை. சாட்சியைக் கலைப்பார், ஆவணத்தை அழிப்பார் என்றால் மட்டும் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் குற்றக் குறிப்பாணை கொடுக்காவிட்டால் நீட்டிக்க முடியாது என்று 2015-இல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

தூக்கி அடிப்பதும் தீர்வாகாது. இங்கே நகராத கோப்பு அங்கேயும் நகராது, பெஞ்சில் உட்காரும் அம்மாதான் வேறொருவர்.

விசாரணையே இல்லாமல் நீக்க 311-இன் இரண்டாவது விதிவிலக்கு இடம் தருகிறது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாத நிலை, நாட்டின் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் மட்டுமே அது. 1985-இல் துல்சிராம் படேல் வழக்கு அதன் எல்லைகளை வரைந்தது. வேலைத்திறனுக்கு இதைத் தொடவே கூடாது.

கூண்டோடு நீக்குவது பற்றித் தமிழ்நாட்டில் நினைவு இன்னும் ஆறவில்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னாலும், பெரும்பாலோர் திரும்பப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் நல்ல ஊழியரும் இருந்தார், மோசமானவரும் இருந்தார். பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமிருக்கவில்லை. சங்கங்கள் இன்றும் "செயல்திறன் சீராய்வு" என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவதற்கு அந்த வடு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அவர்களைப் பகைக்காமல், அளவுகோலை முன்கூட்டியே எழுத்தில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஆணை கொடுத்த பிறகு

மத்திய ஊழியர் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், பிறகு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். தமிழ்நாடு அரசு ஊழியர்கள் உயர் நீதிமன்றம் போவார்கள். அசல் கோப்பை எண் போட்டு, பக்கம் போட்டு, உள்ளடக்கப் பட்டியலோடு பூட்டி வையுங்கள். வழக்கு வரும்போது நீங்கள் அந்த அலுவலகத்தில் இருக்கமாட்டீர்கள். அடுத்து வருபவர் அந்தக் கோப்பை வைத்துத்தான் பதிலுரை எழுதுவார்.

ஆணையை நேரில், தனி அறையில் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

அன்று மாலையே இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு அவருடைய மேசை இழுப்பறையையும் பீரோவையும் திறந்து பட்டியல் எடுங்கள். நான் ஒரு முறை எடுத்தபோது இழுப்பறையின் அடியில், பிரிக்காத உறைகள் பதினெட்டு இருந்தன. ஒன்றில் கருணை அடிப்படையில் வேலை கேட்ட ஒரு பையனின் மனு, அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலோடு. தேதி மூன்று ஆண்டுக்கு முந்தையது. அந்த மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் புதிய தபால் எண் போட்டு, மறுநாள் காலையிலேயே வேறொரு சீட்டுக்குக் கொடுத்து, மனுதாரருக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.